லொக்கும் லொக்காவும்

மென்பொருள் எழுதிப் பிழைக்கிற என் இனத்தாருக்குத் தெரியும்: கத்துகிற பிழையைப் பிடித்துவிடலாம், வாயே திறக்காத பிழைதான் ஆளைக் கொல்லும். மாத்தளை டவுனில் ஒரு மசாலாக் கடையின் மாடியில் எங்கள் ஒபிஸ் இருந்தது. நான், இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் வசந்தி, அதிகம் பேசாத முதலாளி சிவா சார், அவ்வளவுதான். கீழே மிளகாய் அரைத்தால் மேலே நாங்கள் தும்முவோம். சீகிரியாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ்தான் எங்கள் பெரிய வாடிக்கை. அது போனால் ஒபிஸை மூட வேண்டியதுதான் என்று மூவருக்கும் தெரியும்.

அமைதி காக்கவும்

கெஸ்ட் ஹவுஸில் யாராவது அறை பதிந்தால் மனேஜர் மணி அண்ணனுக்கு மெசேஜ் போக வேண்டும். அதற்கு யாரோ எழுதிப் பொதுவில் வைத்த நிரல் தொகுப்பு, அதாவது லைப்ரரி ஒன்றை எடுத்துப் போட்டிருந்தோம். ஒரு நாள் மெசேஜ் போகவில்லை. குடும்பமாக வந்து இறங்கியவர்களுக்கு அறையும் இல்லை. மணி அண்ணன் போனிலேயே காய்ச்சி எடுத்துவிட்டார். இன்னொரு தடவை நடந்தால் வேறு ஆள் பார்ப்பாராம்.

எங்கள் திரையிலோ ஒரு எழுத்துகூட இல்லை. வசந்திதான் தோண்டிக் கண்டுபிடித்தாள். லைப்ரரி தான் தடுமாறியதையெல்லாம் குறிப்புச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்தக் குறிப்புகளைத்தான் லொக் என்கிறோம். ஆனால் எங்கே எழுதுவது என்று நாம் சொல்லாதவரை அத்தனையையும் விழுங்கிவிடும். அடுத்தவர் புரோகிராமில் போய் அலட்டக் கூடாதென்ற நல்லெண்ணத்தில் அதை எழுதியவரே அப்படி வைத்திருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வசந்தி தும்மிக்கொண்டே சொன்னாள்: "லைப்ரரிதானே, சத்தம் போடக் கூடாதுன்னு சொல்லி வளர்த்திருப்பாங்க."

ஆள் இல்லை

மணி அண்ணனின் கம்ப்யூட்டரிலேயே லொக் எழுதும்படி மாற்றிக் கொடுத்தோம். சில நாளில் மறுபடி மெசேஜ் நின்றது. விருந்தாளிகள் வழியில் வந்துகொண்டிருந்தார்கள். "அண்ணே, லொக்க பாருங்க, பார்த்துட்டு உடனே சொல்லுங்க" என்று போனில் கெஞ்சினேன். நேரம் போகிறது, பதிலே இல்லை. முதலாளியைச் சிங்களத்தில் லொக்கா என்பார்கள் என்பது அந்த அவசரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. கடைசியில் மணி அண்ணனே போன் எடுத்தார்: "தம்பி, நானும் லொக்காவ பாக்கத்தான் நிக்கிறேன், அவரு தம்புள்ளைக்கு போயிட்டாருங்க!"

கேட்டால்தான்

ஒருவழியாக லொக்கைத் திறந்து வாசித்தார். மெசேஜ் சேவையின் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது என்று பளிச்சென்று எழுதியிருந்தது. மாற்றினோம். வந்தவர்களுக்கு அறை கிடைத்தது, வாடிக்கையும் தங்கியது. வசந்தி எல்லாருக்கும் பால் டீ வாங்கி வந்தாள். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அடுத்த வாரம் மசாலாக் கடைக்காரர் அளவு டேப்போடு மாடிக்கு வந்தார். இனி அது அவருடைய ஸ்டோராம். அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது: சிவா சார் கனடாவிலுள்ள மகளிடம் போகிறார், வீசா கிடைத்து மாதக்கணக்காகிறது, கெஸ்ட் ஹவுஸ் வேலையைக் கொழும்பில் ஒருவருக்குக் கைமாற்றியும் விட்டார். வசந்திக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?" என்றாள். சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "நீங்க யாரும் கேக்கலையேம்மா."

இப்போது அலுவிகாரையில் வீட்டிலிருந்தே வேலை. தும்மல் நின்றுவிட்டது, அந்த மாடிதான் மனசை விட்டுப் போகவில்லை. எந்தப் புது லைப்ரரியை எடுத்தாலும் முதல் வேலையாக அதன் வாயைத் திறந்து வைத்துவிடுகிறேன், லொக்காமார் வாயைத் திறக்கத்தான் இன்னும் வழி தெரியவில்லை.