வீதி கூட்டு

கரமனையில் இந்த ஸ்டுடியோவில் சேர்ந்த புதிதில் முதலாளி என்னிடம், "மோளே, வீதி கூட்டு" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. எடிட்டிங் படித்துவிட்டு விருதுநகரிலிருந்து ரயிலேறி வந்தது தெருக் கூட்டவா? "வெளக்கமாத்த நீங்களே புடிங்க சார்" என்றேன். மலையாளத்தில் வீதி என்றால் அகலமாம். கூட்டு என்றால் அதிகமாக்கு. படத்தை அகலமாக்கச் சொன்ன மனிதர் இருமல் வரும்வரை சிரித்தார்.

அதே சொல்தான் பிறகொரு நாள் என்னை மாட்டிவிட்டது.

பக்கத்து அக்ரகாரத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து, அன்று மாலை பாலத்துக்கு அப்பால் மண்டபத்தில் ரிசப்ஷன். அவள் அம்மா ஆஸ்பத்திரியில். பக்கவாதம், பேச்சு போய்விட்டது. வலது கை சோர்ந்து வயிற்றின் மேல் கிடக்கும். அதை எப்படியோ கொஞ்சம் தூக்கி அவர் மகளை ஆசீர்வதிப்பதைப் பெண்ணின் அண்ணன் போனில் எடுத்திருந்தார். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஒடுக்கமான படம். மணமக்கள் மேடையேறியதும் பெரிய எல்.ஈ.டி. திரையில் அது ஓட வேண்டும்.

போன் படத்தை மண்டபத்துத் திரையில் ஓட்டிப் பார்த்த முதலாளி அங்கிருந்து என்னைப் போனில் கூப்பிட்டார். "மோளே, ரெண்டு சைடும் கறுப்பு. கல்யாண வீட்டுல அது வேண்டா. வீதி கூட்டு."

கூட்டினேன். அம்மாவின் முகம் திரை முழுக்க நிறைந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. பென் டிரைவ் வாங்க வந்த அண்ணன், மழையில் நனைந்த கோட்டோடு என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"அம்மா கை எங்கே?"

பார்த்தேன். கை இல்லை. அகலம் நிறைந்த இடத்தில் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டிருந்தது. பேச முடியாதவர் வெறுமனே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குத்தானே எடுத்தது? தங்கச்சி கேட்டதே அந்தக் கையைத்தான்" என்றார். குரல் உடைந்திருந்தது.

"இருங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். படத்தை அமுக்கி உள்ளே தள்ளினேன். முகம் பூரி மாதிரி உப்பியது. சிறிதாக்கினேன், முகம் சிறுத்ததே தவிர கை வரவில்லை. மேலே நகர்த்தினேன், கீழே வெறும் கறுப்பு. அண்ணனின் போன் அடித்தது. மணமக்கள் மேடைக்கு வந்துவிட்டார்களாம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சனியன் பிடித்த சாஃப்ட்வேர், கையை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறது?

அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரி இரைச்சலைக் குறைப்பதற்காக அந்தத் துண்டைத் தனி டைம்லைனில், ஒரு சின்னச் சட்டத்துக்குள் போடுவதுபோலப் போட்டு, அந்தச் சட்டத்தை மொத்தமாகத் தூக்கிப் பெரிய டைம்லைனுக்குள் வைத்திருந்தேன். உள்ளே இருந்த சட்டமும் அகல அளவு. வெட்டு அங்கேயே விழுந்திருந்தது. வெளியே நின்று எவ்வளவு மல்லுக்கட்டினாலும் எப்படி வரும்? உள்ளே போய், அளவைப் போன் படத்தின் அளவுக்கே மாற்றினேன். விரல்கள் வந்தன. பிறகு மணிக்கட்டு, அதில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளிப் படத்தையும் முழு உயரத்துக்குப் பொருத்தினேன். இரண்டு பக்கமும் கறுப்பு அப்படியே திரும்பி வந்தது. பென் டிரைவில் ஏற்ற நேரமில்லாமல், லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு அண்ணன் ஸ்கூட்டரில் ஏறினேன்.

மண்டபத்தில் முதலாளி பல்லைக் கடித்தார். "வீதி கூட்டியில்லே?"

"கூட்டல சார். கூட்டவும் மாட்டேன்."

அவர் பதில் சொல்வதற்குள் படத்தை ஓட்டிவிட்டேன். பின்வரிசையில் யாரோ, "இதென்னா, பாதி ஸ்கிரீன்தான் வேலை செய்யறதோ?" என்றார்கள். மணப்பெண் திரும்பிப் பார்த்தாள். மேடைத் தரையிலிருந்தே எழும்பிய திரை அது. அம்மாவின் கை மெல்ல உயர்ந்தபோது சரியாக அவள் தலை உயரத்துக்கு வந்தது. அவள் திரையருகே போய், பட்டுப்புடவையோடு குனிந்து அந்தக் கைக்குக் கீழே தலையைக் கொடுத்தாள்.

அந்தக் கை அதிக நேரம் நிற்காது என்று எனக்குத் தெரியும். இறங்கத் தொடங்குமுன் படத்தை நிறுத்தினேன். அவளாக நிமிரும்வரை ஓட்டவில்லை.