வாசலில் நிற்காத றபான்

எங்கள் வாப்பா வரிப்பத்தான்சேனையில் ஒரு வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தவர்கள். உம்மாவை மணந்து மருதமுனைக்கு வந்து கைத்தறி நெய்தார்கள். நூல் கிடைக்காத காலங்களில் கோமாரிக்குப் போய்த் தேங்காய் உரித்து எங்களை வளர்த்தார்கள். அப்படியிருந்தும் வீட்டில் அவர்கள் முகம் சுளித்து நாங்கள் கண்டதில்லை. வேலை முடிந்ததும் றபான் மேளத்தின் தோலைத் தணலில் காட்டி விறைக்க வைத்து, தட்டிப் பாடத் தொடங்கினால் பக்கத்து வளவுப் பெண்கள் வேலியோரம் வந்துவிடுவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் ஒரு கலைவிழா. வாப்பாவின் றபான் குழுவுக்கும் அழைப்பு வந்தது. போன பிறகுதான் தெரிந்தது, பிரதம விருந்தினரை வீதியிலிருந்து மண்டப வாசல்வரை அழைத்து வருவது மட்டுமே அவர்கள் வேலை என்று. மேடை வீணைக்கும் மிருதங்கத்துக்கும். நாங்களும் ஒரு பாட்டுப் படிக்கலாமா என்று வாப்பா கேட்டார்கள்.

"இது சங்கீத மேடை. சோனக ஆக்களுக்குச் சங்கீதம் எங்க இருக்கு? வாசலோட நிப்பாட்டுங்க" என்றார் விழாப் பொறுப்பாளர்.

விருந்தினர் வந்தார், றபான்கள் முழங்கின. வாசல் வந்தும் வாப்பா நிற்கவில்லை. பாடிக்கொண்டே உள்ளே நுழைந்து, விருந்தினரோடு படியேறி, வீணைக்கு விரித்திருந்த பாயில் குழுவோடு அமர்ந்துவிட்டார்கள். பெண்கள் பக்கத்தில் உம்மாவோடு இருந்த நான் எழுந்து நின்று பார்த்தேன். பொறுப்பாளர் ஓரத்தில் நின்று இறங்கச் சொல்லிக் கையைக் காட்டிக் காட்டிப் பார்த்தார். விருந்தினரோ சிரித்தபடி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக் கேட்கத் தொடங்கினார். பாண்டிருப்பைச் சேர்ந்த மிருதங்க மாஸ்டர் நகர்ந்து இடம் கொடுத்தார். இரண்டாம் பாட்டில் அவரும் சேர்ந்து வாசிக்க, மண்டபம் கைதட்டி ஓயவில்லை.

இறங்கியதும், ஏன் நிற்கவில்லை என்று பொறுப்பாளர் கேட்டார்.

"விருந்தாளிய வாசல்ல உட்டுட்டுப் போறது எங்கட ஊர்ல வழக்கமில்ல, ஐயா" என்றார்கள் வாப்பா.

அடுத்த விழாவின் அழைப்பிதழில் 'இசை' என்ற தலைப்பின் கீழ் வாப்பாவின் குழுவும் இருந்தது. உம்மா அதை உறவுக்காரர் வீடெல்லாம் கொண்டுபோய்க் காட்டினா. மாஸ்டரோ அன்றிலிருந்து பெருநாள் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் கலங்கிய நாட்களிலும் அந்த வரவு நிற்கவில்லை.

நெஞ்சு நோயால் படுத்திருந்த கடைசி நாட்களில், பேரப்பிள்ளைகள் கட்டில் சட்டத்தைத் தட்டினால் வாப்பாவும் ஒரு கையால் சேர்ந்து தட்டுவார்கள். சுபஹுத் தொழுகைக்குப் பின் ஒருநாள் அமைதியாக வஃபாத்தானார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அயலவர்களுக்கும், கப்று வெட்டிய இளைஞர்களுக்கும், மூன்று நாள் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறு கொண்டுவந்த சொந்தங்களுக்கும் நன்றி சொல்கிறோம். வாப்பாவுக்காகத் துஆச் செய்யுங்கள். இந்த ஒரு வருடமாக, அவர்களை நினைத்து அழ வந்தவர்களும் இந்த றபான் கதையைக் கேட்டு எங்கள் வீட்டிலிருந்து சிரித்துக்கொண்டேதான் திரும்புகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இப்படிக்கு,
மூத்த மகள்