எல்லை தாண்டிப் போன எக்ஸ்ரே படிப்பு

எக்ஸ்ரே படிப்பு மெட்ராஸில் மட்டும்தான் இருக்கிறது என்று நான் நம்பினேன். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மெட்ராஸ் ராஜ்யத்துக்காரனாக மாறுவதற்கு ஒரு தகரப்பெட்டியும் ஒரு பஸ் டிக்கெட்டும் போதும் என்றும் நம்பினேன். இருபது வயதில் எனக்கு மீசையைவிட நம்பிக்கைகள் அடர்த்தி.

திருப்பதியில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு நகரிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தேன். டாக்டர் படிப்புக்கு மார்க் போதாது. மார்க் இருந்திருந்தாலும் கரும்புத் தோட்டத்தை விற்றுத்தான் படித்திருக்க வேண்டும். நைனா, அதாவது என் அப்பா, அந்தக் கனவுக்கு ஒரே மூச்சில் காரியம் செய்துவிட்டார்.

"கரும்பை விக்கிறேன், தோட்டத்தை விக்க மாட்டேன். செலவு கம்மியா இருக்கணும், வேலை நிச்சயமா இருக்கணும், சம்பளம் மாசாமாசம் வரணும். அப்படி ஒரு படிப்பு எங்க இருக்குதோ பார்த்துக்கினு வா. இல்லாங்காட்டி நாளைக்கே மண்வெட்டியை எடு."

மண்வெட்டி என்றதும் எனக்குப் படிப்பின் மேல் பக்தி பொங்கியது.

அந்தச் சமயம் பார்த்து அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. சித்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரேகாரர் லீவு. அறைக்குப் பூட்டு. டாக்டர்களே அந்தப் பூட்டை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு கடந்து போனார்கள். ஒரே ஒரு ஆள் லீவு போட்டால் ஜில்லாவின் எலும்பெல்லாம் காத்துக் கிடக்கிறது! இதுதான் என் உத்தியோகம் என்று அந்தப் பூட்டின் முன்னாலேயே முடிவு செய்தேன். அம்மாவின் கையைப் பற்றி அப்புறம்தான் நினைவு வந்தது.

மறுநாள் எக்ஸ்ரேகாரர் வந்தார். தெலுங்குக்காரர், பாதித் தமிழில் பேசுவார். அம்மாவின் கையைப் படமெடுத்த பிறகு அவரைப் பிடித்துக்கொண்டு சம்பளம், லீவு எல்லாம் விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் படிப்பு, பாபு. அப்புறம் உன்னைத் தேடிக்கினு வருவாங்க. ஊர் ஊரா மெஷின் வாங்கறாங்க, ஓட்டறதுக்கு மனுஷன் லேது. சீக்கிரம் படிச்சிட்டு வா. ஒருநாள் லீவு போட்டேன், இன்னிக்கு நாலு டாக்டர் என்னைத் திட்டறாங்க."

வீட்டுக்கு வந்ததும் மெட்ராஸுக்கு எழுதிப் போட்டேன். அவர்கள் ராஜ்யத்துப் பிள்ளைகளுக்குப் பீஸ் கிடையாது, வெளியார் முழுப் பீஸும் கட்ட வேண்டும் என்று பதில் வந்தது. அந்த முழுப் பீஸுக்கு நைனாவின் கரும்பு மட்டுமல்ல, கரும்பு ஆலையே தேவைப்பட்டிருக்கும். ஆந்திரா பிரிந்ததிலிருந்து நாங்கள் வெளியார். வீட்டில் பேசுவது தமிழ், வெல்லம் போடுவது மெட்ராஸ் மண்டிக்கு, ஆனாலும் வெளியார்.

அங்கே பிடித்தது எனக்குப் பீதி. வெளியாரை உள்ளாராக்க என்ன வழி என்று விசாரித்தேன். மெட்ராஸ் ராஜ்யத்தில் ஒரு வருஷம் குடியிருந்தால் கிராம முன்சீப் சர்ட்டிபிகேட் கொடுப்பார் என்றார்கள். திருத்தணியில் சித்தப்பா வீடு இருந்தது. ஆனால் திருத்தணி அப்போது ஆந்திராவில் இருந்ததால் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்த சத்தியவேடு மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது. பெட்டியோடு அங்கே போய் இறங்கினேன்.

அக்கா புருஷன் சைக்கிள் கடை வைத்திருந்தார். சோற்றுக்கு ஈடாக நான் பஞ்சர் ஒட்டினேன். கடைக்கு யார் வந்தாலும் அவர் என்னைக் காட்டி அறிமுகம் செய்வார்.

"இவுருதான் மெட்ராஸ் டாக்டரு. இன்னா மச்சான், அந்த ட்யூபுல ஓட்டை எங்கன்னு எக்ஸ்ரே புடிச்சுட்டியா?"

"தண்ணியில முக்கினாலே தெரியுது மாமா."

"அப்புறம் எதுக்குடா மெட்ராஸு? ஒரு தொட்டி வாங்கிக்க."

உள்ளிருந்து அக்கா கத்துவாள். "அவனைச் சும்மா வுடு. டேய், துன்னுட்டு வந்து மெட்ராஸ்காரன் ஆவு!"

எல்லையை மாற்றப் போகிறார்கள் என்று கடை வாசலில் தினமும் பேச்சு. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஆளுக்கு ஒரு கோடு போட்டார்கள். நான் பெரிய மனுஷனைப் போலச் சிரித்துக்கொண்டே பஞ்சர் ஒட்டினேன். தமிழ் பேசுகிற ஊரை ஆந்திராவுக்குக் கொடுப்பார்களா என்ன?

கொடுத்தார்கள். திருத்தணி மெட்ராஸுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு. செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு மாமா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், புரையேறி, காற்றடிக்கும் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், நீ காலை வெச்ச ஊரையெல்லாம் ஆந்திரா இழுத்துக்குதுடா! தயவுபண்ணி மெட்ராஸுக்கு மட்டும் போயிடாத. பட்டணம் தப்பிக்கட்டும்!"

நான் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருத்தணிக்கு ஓடினேன். சித்தப்பா வாசலிலேயே மறித்தார்.

"ஊரே மெட்ராஸுக்கு வந்துட்ச்சு. நீ எங்கடா போயிருந்த?"

அங்கேயும் முதலிலிருந்து ஒரு வருஷம் குடியிருக்க வேண்டுமாம். ஏற்கெனவே கிட்டத்தட்ட ஒரு வருஷம் சைக்கிள் ட்யூபில் போயிருந்தது. இன்னொரு வருஷத்துக்கு நைனா சம்மதிக்க மாட்டார், மண்வெட்டிதான். பிலிம் கழுவுகிற வேலையாவது கிடைக்குமா என்று கேட்கச் சித்தூருக்குப் பஸ் ஏறினேன்.

எக்ஸ்ரேகாரர் ஈரப் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். பிலிமைக் கீழே இறக்கினார்.

"மெட்ராஸா? அங்க எதுக்கு பாபு போன? நான் விசாகப்பட்டினத்துல படிச்சேன். மன ராஷ்ட்ரம், நம்ம ராஜ்யத்துப் பிள்ளைங்களுக்கு அங்க பீஸே லேது. மேல ஸ்டைபெண்டு வேற குடுப்பாங்க. இந்த ஜில்லாவுல இருந்து எவனும் வர்றதில்லன்னு அவங்களே சொல்லிக்கினு இருக்காங்க."

"நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லியே, சார்?"

"நீ எப்ப கேட்ட? எவ்ளோ சம்பளம், எத்தினி நாள் லீவு, இதைத்தான் கேட்ட."

உண்மைதான். இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்த நான், எதிரில் நின்ற மனிதரிடம் எங்கே படித்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. ஆந்திராக்காரன் என்று காட்ட நான் எந்த முன்சீப்பையும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பிறந்த ஊரும் ஆந்திராவில்தான் இருந்தது, ஓடிப்போன ஊரும் அங்கேயே வந்து சேர்ந்துவிட்டது.

அந்த வருஷமே விசாகப்பட்டினத்தில் இடம் கிடைத்தது. பீஸ் கட்டவில்லை. இரண்டு வருஷம் படித்துப் பாஸ் செய்தேன். சித்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டாவது எக்ஸ்ரேகாரனாக வேலை கொடுத்தார்கள்.