மறந்தால் பிழைக்கும் செடிகள்

செடிகள் சாவது தண்ணீர் இல்லாமல்தான் என்று நாற்பத்தாறு வயதுவரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். காரணம் இருந்தது. விஷ ஜுரத்தில் படுத்து எழுந்த என் மனைவி, உடம்பு தேறுவதற்காகத் திருநெல்வேலியில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, ஆரியசாலையில் எங்கள் வாசலில் அவள் வளர்த்த பிச்சியும் ரோஜாவும் நன்றாகத்தான் இருந்தன. தண்ணீர் விட மறந்து, ஒரே மாதத்தில் நான் அவற்றை விறகாக்கினேன்.

அவள் போன ஏழாம் மாதம், தன் கையாலேயே எழுதிய முதல் கடுதாசி வந்தது. 'மாசி கடைசி வெள்ளிக்கிழமை வாறேன். வாசல்ல கண்ணுக்கு ஒரு பச்சை தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.' எழுத்தெல்லாம் கோணல். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாலைக் கடைத்தெரு முழுக்க ஒரு சுற்று சுற்றிவந்தேன்.

மறுநாளே இடி விழுந்தது. நான் நில அளவைக் கச்சேரியில் குமாஸ்தா. போனக்காட்டு மலைப்பக்கம் நாற்பது நாள் முகாம் என்று உத்தரவு. அவள் வரும் அன்று காலையில்தான் நான் திரும்ப முடியும். அதுவரை தை, மாசி வெயில், வீட்டில் ஆளில்லை.

பங்களா ஒன்றில் தோட்டவேலை செய்த மலையாளத்துக் கிழவரிடம் ஓடினேன். "ஆளில்லாத வீட்டில நாப்பது நாள் சாகாத செடி வேணும்."

"ஆளில்லாத வீட்டில செடி எதுக்கு சாரே? யாரு காணும்?"

"வாரவ காணுவா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மருள், சப்பாத்திக்கள்ளி, ரணகள்ளி, பிரண்டை என்று ஆறு சட்டி எடுத்து வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "இதுகளுக்கு வெள்ளம் வேண்டா. மறந்தா மதி, சாரே."

தண்ணீரே வேண்டாமாம், மறந்தால் போதுமாம்! மறப்பதில் எனக்கிருந்த தேர்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான செடிகள் உண்டா? சட்டிகளை வாசல் கூரை இறவாணத்தின் கீழ் வரிசையாக வைத்தேன். நிமிர்ந்தபோது நிலைப்படியில் தலைகீழாகத் தொங்கிய கற்றாழை வழக்கம்போல என் வழுக்கையில் கீறியது. குடிவந்த அன்று கண்ணேறு கழிய அவள் கட்டியது. வேர் மேலே, இலை கீழே. அதை நான் செடிக் கணக்கில் சேர்த்ததே இல்லை. நிலைக்கதவின் ஓர் உறுப்பு என்றே நினைத்திருந்தேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் பயம் பிடித்தது. கிழவருக்கு என்ன தெரியும், அவர் செடிகளைப் பார்த்துக்கொள்ள அவர் இருக்கிறார். சட்டிகளின் அடியில் ஓட்டை வேறு. இருக்கிற ஈரமும் ஒழுகிப்போகுமே! கச்சேரித் தபாலுக்கு முத்திரை வைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? அரக்கை உருக்கி ஆறு ஓட்டையையும் அடைத்தேன். ஒன்றில் பழக்கதோஷத்தால் முத்திரையும் குத்திவிட்டேன்.

அதோடு விட்டேனா? பக்கத்துவீட்டு மயினியிடம் போய், "ஒங்கள நம்பித்தான் போறேன், ஒரு சொம்புத் தண்ணி" என்றேன். எதிரே வத்தல் கடை அண்ணாச்சியிடமும் அதே வசனம். காலையில் பால் ஊற்ற வருகிற அம்மாளிடமும் அதே. ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் 'அவங்க பாத்துக்கிடுவாங்க' என்று ஆளுக்கு ஆள் இருந்துவிடுவார்களே என்ற தந்திரம்.

வெள்ளிக்கிழமை காலை மூட்டையோடு வந்து இறங்கினேன். வாசலில் குப்பென்று நாற்றம். ஆறு சட்டியிலும் தண்ணீர் தளும்பியது. மருள் கூழாகச் சரிந்து கிடந்தது. கள்ளியைத் தொட்டேன், விரல் உள்ளே போயிற்று.

"ஒரு நாள்கூட ஊத்தத் தவறல பாத்துக்கிடும்" என்று கடையிலிருந்து அண்ணாச்சி இறங்கி வந்தார்.

"நீங்களுமா ஊத்துனிய?" என்றாள் மயினி.

மயினிக்குப் பாலை அளந்துகொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள். "அப்போ காலம்பற நான் ஊத்தினது?"

மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். திட்டியிருக்கலாம். "வாடுறதக் கண்டதும் காஞ்சு போகுதோன்னு ரெண்டு சொம்பா ஊத்துனேனே" என்று மயினி தன்னையே நொந்துகொண்டாள். முட்டுவலிக்காரி, நாற்பது நாள் கிணற்றில் இறைத்துச் சுமந்திருக்கிறாள். இன்றுவரை அந்த மூவருக்கும் நன்றி சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. சொல்லப்போனால் சிரிப்பு வருகிறது.

சட்டிகளை ஒளிக்கக் குனிந்தபோதே தெருமுனையில் வண்டி மணி கேட்டது. தன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். பாதியாக இளைத்திருந்தாள். நான் குனிந்தவன் நிமிரவில்லை. நிமிர எந்த முகம் இருக்கிறது?

"என்னது, வாசல்ல நாத்தங்கால் போட்டிருக்கிய?" என்றாள். பிறகு சிரித்தாள். எட்டு மாதமாக நான் கேட்காத சிரிப்பு.

படியேற நிலையைப் பற்றிக்கொண்டவள் அப்படியே அண்ணாந்து நின்றாள். "இந்தா, இது பூத்திருக்கே!"

இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி, வளைந்து மேல்நோக்கித் திரும்பி, மஞ்சளாகப் பூத்திருந்தது. ஆறு சட்டிச் செடிகளும் அழுகிவிட்டன. எட்டு மாதம் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாத கற்றாழை பிழைத்திருந்தது. அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.