லேசான விஷம்தானே என்றவர்கள்

செல்லப்பிராணிக் கடை வேலை என்பது, "இது கடிக்குமா?" என்ற ஒரே கேள்விக்கு நாளெல்லாம் சிரித்த முகத்தோடு பதில் சொல்வது. படிக்க வந்த ஊரில் பகுதிநேர வேலை பார்த்து, சிரித்துச் சிரித்தே தாடை வலித்துப்போன நண்பர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது ஆக்லாந்தின் ஒடாஹுஹுவில், ஊர்வன விற்கும் ஒரு சின்னக் கடையில். எனக்குக் குரல் மெல்லிசு. எதிரில் இருப்பவர் இரண்டு தடவை "என்ன?" என்று கேட்ட பிறகுதான் நான் பேசியதே கேட்கும். ஆனால் தாத்தா பாட்டி சொன்ன பாம்புக் கதைகளைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு வளர்ந்தவன், காது மட்டும் எப்போதும் திறந்தே இருக்கும்.

கால் உள்ள நாகம்

நியூசிலாந்து மண்ணில் பாம்பு கிடையாது. காட்டில் இல்லை, மிருகக்காட்சிசாலையில்கூட இல்லை. வீட்டில் வைத்திருந்தால் குற்றம். இது தெரியாமல் ஒருநாள் பாபகூராவிலிருந்து ஒரு அம்மா ரயிலேறி வந்தார். மகனுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறதாம். நாகதோஷம், பாம்புக்குப் பால் வை என்று ஊரிலிருந்து ஜோசியர் போனில் சொல்லிவிட்டார். "இந்த ஊர்ல புத்துக்கு நான் எங்க போவேன்?" என்றார். கையில் பால் பாட்டில் தயாராக இருந்தது.

இல்லை என்று நான் சொன்னது வழக்கம்போல அவர் காதில் விழவில்லை. நேரே நீலநாக்கு அரணையின் கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நின்றார். அதுவும் நேரம் பார்த்து நாக்கை நீட்டியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாலைப் பெட்டிக்குள் ஊற்றவிடாமல் தடுத்து, அதற்குக் கால் இருக்கிறதே என்று காட்டினேன். "நாக்கு நீளுதில்ல, போதும் தம்பி. காலையெல்லாம் சாமி கண்டுக்காது" என்றார்.

மடங்காத விரல்

கடையில் எனக்கு மூத்தவர் செல்வம் அண்ணன். மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவர். அவருடைய இடது கை நடுவிரல் மடங்காது. டீ குடிக்கும்போது கோப்பைக்கு வெளியே தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். சேர்ந்த இரண்டாம் வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

கிள்ளான் வீட்டில் அவர் ஒரு பாம்பு வளர்த்திருக்கிறார். கறுப்பு உடம்பில் மஞ்சள் வளையம். பெயர் ராணி. மனிதனைக் கொல்லும் அளவுக்கு விஷம் இல்லை, லேசானதுதான் என்று சொல்லித்தான் விற்றார்களாம். அதற்கு நச்சுப்பல் வாயின் பின்பக்கம் இருக்கிறது. கொத்திவிட்டு ஓடாது, கவ்விக்கொண்டு மெல்லும். ஐந்து வருஷம் ஒன்றும் செய்யாதது, ஒருநாள் இரை வாசம் ஒட்டிய விரலை மென்றது. லேசானது என்று சொன்னார்களே என்று இவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தார். கை முழங்கைவரை வீங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால், இந்தப் பாம்புக்கென்று மருந்து எதுவும் இல்லை என்றார்கள். வீக்கம் வடிந்தது, சீழ் பிடித்த விரல் மட்டும் பிறகு மடங்கவே இல்லை.

நான் என் விரல்களை ஒருமுறை மடக்கிப் பார்த்துக்கொண்டேன். அவரோ ராணி தோலுரித்த நாட்களைப் பற்றி, பெற்ற மகளின் சடங்கைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். கோபமே இல்லையா என்றேன். "அதுமேல என்ன கோபம் தம்பி? கொல்ற பாம்புன்னு சொல்லியிருந்தா கூண்டுக்கு ரெண்டு பூட்டு போட்டிருப்பேன்லா. லேசானதுன்னாங்க, ஒண்ணுகூட போடல."

மூன்று நாள்

அந்தப் பூட்டில்லாத கூண்டிலிருந்து ராணி ஒரு தடவை காணாமலும் போயிருக்கிறது. அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் மட்டும் மூன்று நாள் தரையில் குப்புறப் படுத்துத் தேடி, கடைசியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கதகதப்பில் சுருண்டு கிடந்ததைக் கண்டுபிடித்தார். சந்தோஷத்தில் அண்ணிக்குப் போன் போட்டார். அண்ணி கேட்டாராம்: "நல்லா பாத்துச் சொல்லுங்க, அதேதானா? இல்ல வேற ஒண்ணா?"

எலி வாங்குகிறவர்

குமரன் யாழ்ப்பாணத்துக்காரர். கிடங்கில் பெட்டி இறக்கும் வேலை. பத்து நாளைக்கு ஒருமுறை வந்து, உறைய வைத்த எலிக்குஞ்சு ஒன்றே ஒன்று வாங்குவார். வீட்டில் தாடிப் பல்லி வளர்ப்பதாகச் சொல்லியிருந்தார். செல்வம் அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: தாடிப் பல்லிக்குக் கீரை வேண்டும், பூச்சி வேண்டும், இந்த மனிதர் இரண்டையும் ஒருநாளும் வாங்கியதில்லை. அதற்கு மேல் சொல்லவில்லை. எலி மட்டும் தின்னும் ஊர்வன எது என்று எனக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை குமரன் தன் நான்கு வயது மகளோடு வந்தார். அவர் தமிழில் என்ன கேட்டாலும் அது ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லும். அப்பா கல்லாவில் நிற்கும்போது நீலநாக்கு அரணையின் முன்னால் குந்திக்கொண்டு, வயிற்றோடு ஒட்டியிருந்த அதன் குட்டைக் கால்களை உற்றுப் பார்த்தது. பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டது: "டாடி, வை டஸ் திஸ் ஒன் ஹாவ் லெக்ஸ்? அவர்ஸ் டஸன்ட்!" தங்கள் வீட்டில் இருப்பதற்குக் கால் இல்லையாம்.

மெதுவாகத் தூக்குங்க

குமரனின் முகத்தில் இரத்தமே இல்லை. அண்ணன் அவரைப் பின்னறைக்கு அழைத்துப்போனார். நான் பிள்ளைக்கு ஆமை காட்டினேன், காது பின்னறையில் இருந்தது.

ஏதோ ஒரு நாட்டிலிருந்து வந்த பெட்டியில், வைக்கோலுக்குள் பாம்புக் குட்டியாகக் கிடந்ததாம். சொன்னால் கொன்றுவிடுவார்கள் என்று சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். "போன்ல தேடிப் பாத்தனான் அண்ணை. லேசான விஷம்தானாம்." எப்படி இருக்கும் என்று அண்ணன் கேட்டார். "கறுப்பு. மஞ்சள் வளையம்." அண்ணன் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"சொன்னா என்ர ரெசிடென்ஸ் விசா போயிடும் அண்ணை. காட்டில கொண்டுபோய் விடட்டே?" என்றார் குமரன். அண்ணன் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான். "இந்த நாட்டுக் குருவிக்குப் பாம்புன்னா என்னன்னே தெரியாதுலா! பக்கத்துல வந்து வேடிக்கை பாக்கும்!" பிறகு தணிந்து, அந்த நடுவிரலை நீட்டியது பாதி திறந்த கதவு வழியே தெரிந்தது. "நான் அன்னிக்கு எண்பது கிலோ. லேசானது இவ்வளவு செஞ்சுச்சு. பாப்பா எத்தனை கிலோ?"

குமரன் விரலையே பார்த்தார். பிறகு அழத் தொடங்கினார். நேற்று மகள் தானே பெட்டி மூடியைத் திறந்து "ஹலோ" சொன்னதாம். அந்த இடத்திலேயே அவரே போனை எடுத்து, வெளிநாட்டு உயிரினங்களைத் தடுக்கும் அதிகாரிகளுக்குச் சொன்னார். பெயர், விலாசம் எதையும் மறைக்கவில்லை.

அவர்கள் வரும்வரை துணைக்கு நாங்களும் அவர் வீட்டுக்குப் போனோம். அங்கேதான் வாழ்க்கையில் முதல்முறையாக, கையெட்டும் தூரத்தில், ஒரு பாம்பைப் பார்த்தேன். நான் கேட்ட கதைகளில் பாம்பு சீறும், பழி வாங்கும், மாணிக்கம் கக்கும். இது ஒன்றுமே செய்யவில்லை. மழையில் நனைந்த தார்ச்சாலையின் கறுப்பு. அதன்மேல் ஒவ்வொன்றாக வரைந்ததுபோல மஞ்சள் வளையங்கள். பூனைக்கு இருப்பதுபோல நெட்டுக்குத்தான கண்மணி. அது என்னைப் பார்த்ததா என்றுகூடத் தெரியவில்லை, நான்தான் மூச்சு விட மறந்து நின்றேன். இத்தனை லட்சம் பேர் வாழும் ஊரில், ஒரு துணி அலமாரியின் கீழ்த்தட்டில், தனக்கு இங்கே இடமில்லை என்று தெரியாமல் அது அவ்வளவு அமைதியாக இருந்தது.

இரண்டு அதிகாரிகள் நீளக் கொக்கியோடு வந்தார்கள். அதை இனி என்ன செய்வார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், பிள்ளையைத் தவிர. அண்ணன் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, உரிமையாளர் நீங்களா என்று ஒருவர் கேட்டார். அண்ணன் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "இல்ல சார், நான் இல்ல. கொஞ்சம் மெதுவா தூக்குங்க, வால் பக்கம் பிடிச்சா அவளுக்குப் பிடிக்காது."

நான்கு கால்

குமரனுக்கு விசாரணை நடந்தது. பல வாரம் அவர் கடைப் பக்கமே வரவில்லை. விசா போயிருக்கும் என்றுதான் நினைத்தோம். ஒருநாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தானாக முன்வந்து சொன்னதால் கடுமையான எச்சரிக்கையோடு விட்டிருக்கிறார்கள். விசாவுக்கு இன்னும் பதில் வரவில்லை. "பதில் வராட்டிலும் பரவாயில்லை அண்ணை, இப்ப நித்திரை வருது" என்றார்.

இந்த முறை நிஜமாகவே தாடிப் பல்லி வாங்க வந்திருந்தார். செல்வம் அண்ணன் ஒன்றைத் தன் உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டு பிள்ளைமுன் குனிந்தார். நடுவிரல் வழக்கம்போல நீட்டியபடி நின்றது. பிள்ளை தொடவில்லை. முதலில் குனிந்து எண்ணியது. பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது: "ஒன், டூ, த்ரீ, ஃபோர். டாடி, திஸ் ஒன் கேன் ஸ்டே."

இப்போதெல்லாம் யார் எதை நீட்டி "லேசானதுதான்" என்றாலும், நான் முதலில் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன், அறை நண்பன் லேசான காரம் என்று நீட்டும் ஊறுகாய் பாட்டில் உட்பட.