விழ மறந்த மகன்

இன்று சாயங்காலம் ஜாதவ்பூரில் நம் தமிழ் ஆட்கள் போட்ட நாடகத்தில் நான்தான் அப்பா.

பெரிய உத்தியோகத்துக்குப் போன மகன் பல வருஷம் கழித்து ஊர் திரும்பி, என் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுவான். "எழுந்திருடா கண்ணா" என்று நான் தழுதழுக்க வேண்டும். எனக்கிருந்த ஒரே உருக்கமான வசனம். ஒரு மாதமாகக் கண்ணாடி முன் அழுது பழகியிருந்தேன்.

மகனாக நடித்த ரமேஷ் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். மேடையேறிய பதற்றத்தில், பெங்காலிப் பிள்ளைகள் பிரணாம் செய்வதுபோல் லேசாகக் குனிந்து, என் முட்டியைத் தொட்டுவிட்டு நிமிர்ந்துவிட்டான்.

நிற்பவனை எப்படி எழுந்திருக்கச் சொல்வது?

"சம்பாதிச்சதும் கால்ல விழக்கூட மறந்துபோச்சாடா?" என்று ஒரு அதட்டல் போட்டேன். பயந்துபோய்த் தொப்பென்று விழுந்தான். ஹாலே கைதட்டியது. அப்புறம் நிம்மதியாக என் வசனத்தைச் சொன்னேன். பௌதி என்று நாங்கள் கூப்பிடும், தமிழே தெரியாத பக்கத்து வீட்டு பெங்காலி அண்ணிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "நம்ம கல்யாணத்துல எங்கப்பா கால்ல விழச் சொன்னப்போ, இடுப்பு பிடிச்சிருக்குன்னு கையைக் குலுக்கினது யாரு?"

மாப்பிள்ளைகளே, நீங்களெல்லாம் விழுந்தீர்களா? பதில்களை அவளும் படிப்பாள், பார்த்து எழுதுங்கள்.