அம்மா வாய்விட்டுச் செய்த முதல் ஜெபம்

ஞாயிறு ஆராதனையில், புதிதாக ஞானஸ்நானம் பெற்ற பெண் ஒருத்தி வாய்விட்டு ஜெபிக்கத் தொடங்கி, வார்த்தை வராமல் நின்றாள். எனக்கு எங்கள் ஊரான ஆரணியில் அம்மா செய்த முதல் ஜெபம் நினைவுக்கு வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் அம்மா கிறிஸ்தவளானதும், எதிர்வீட்டில் தனியாக இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சபையிலிருந்து மேரி டீச்சர் மட்டும் சாயங்காலந்தோறும் வந்து, தறிச் சத்தத்துக்கு நடுவே அம்மாவுக்கு வேதம் வாசித்துச் சொல்வார். எதற்கும் அம்மா அவரைத்தான் கேட்பாள்.

ஒருநாள், "எதிர்வீட்டு அண்ணி காய்ச்சல்ல படுத்துகினு கீறாங்க டீச்சர். நான் போவட்டுங்களா, வாணாங்களா?" என்றாள்.

"நான் சொல்ல மாட்டேன் கமலா. நீயே ஆண்டவர்கிட்ட கேளு."

அம்மா கண்களை மூடிக்கொண்டாள். பிறகு திக்கித் திக்கி, "ஏசப்பா, எனக்கு அவங்க மேல கோவமாத்தான் கீது. ஆனா கஞ்சி வெச்சிக் குடுக்க அவங்களுக்கு ஆள் இல்ல," என்றாள். ஆமென்கூடச் சொல்லவில்லை. எழுந்துபோய் உலை வைத்தாள்.

கஞ்சியோடு போனபோது நானும் கூடப் போனேன். கதவைத் திறந்த அத்தை அம்மாவையே பார்த்தாள். "இன்னா வாசல்லயே நின்னுகினு கீற? உள்ள வா," என்றாள்.

பின்னாளில் அம்மா எத்தனையோ பேருக்காகச் சரளமாக ஜெபித்தாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு, எனக்கு மறுபடி கேட்க வேண்டும்போல் இருப்பது அந்த ஆமென் இல்லாத ஜெபம்தான்.